கீழே கிடக்கும் இறகு எந்தப் பறவையுடையது? செட்டிநாட்டில் கண்டறியும் வழிகள் ஓர் ஒப்பீடு

காரைக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் எங்கள் பூர்வீக வீட்டைப் பொங்கலுக்கு முன் பெருக்கித் துடைப்பதற்காகத் திறக்கும்போதெல்லாம், முற்றத்திலும் இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்திலும் இறகுகள் உதிர்ந்து கிடக்கும். முன்பெல்லாம் அவை குப்பையோடு குப்பையாக வெளியே போய்விடும். விடுமுறைக்கு வரும் என் அக்காளின் பேத்தி அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்துக்கொண்டு, “ஐயா, இது எந்தப் பறவை விட்டுப்போனது?” என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான், அந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது. கைப்பேசியில் படமெடுத்துக் கேட்பது, இணையத்திலுள்ள இறகுத் தொகுப்புகளோடு ஒத்துப் பார்ப்பது, ஊரில் விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுவது, அளவுகோலும் கண்ணும் கொண்டு இறகையே ஆராய்வது, ஆய்வகத்தை நாடுவது என வழிகள் பல உள்ளன. இவற்றுள் எதை முதலில் கைக்கொள்வது, எதை எந்த அளவுக்கு நம்புவது என்பதே இங்கே முடிவு செய்ய வேண்டிய செய்தி.

பெரும்பாலோர் முதலில் கை வைப்பது கைப்பேசியில்தான். கூகுள் லென்ஸ் போன்ற வசதிகள் நாம் எடுத்த படத்துக்கு ஒத்த தோற்றமுள்ள படங்களை இணையத்திலிருந்து எடுத்துக் காட்டுகின்றன. இறகு எந்த ஊரில் கிடந்தது என்பதைப் பொருட்படுத்தாமல் தோற்றத்தை மட்டுமே அவை எடைபோடுகின்றன. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி முழுப் பறவையின் படத்தையும் குரலையும் கொண்டு இனம் காண்பதற்காக உருவாக்கப்பட்டது. தனி இறகைக் காட்டினால் அது திணறுவதில் வியப்பில்லை. ஐநேச்சுரலிஸ்ட் தளம் சற்று வேறு வகையானது. அங்கே பறவையின் தடயமாக இறகின் படத்தையும் பதிவு செய்யலாம். இடமும் நாளும் பதிவாகும். கணினியின் பரிந்துரையை அனுபவமுள்ள மனிதர்கள் பார்த்துத் திருத்தவும் செய்வார்கள். ஆனால் அந்தத் திருத்தம் எப்போது வரும் என்று சொல்ல இயலாது. ஊருணிக் கரையில் நாங்கள் எடுத்த செம்பழுப்பு இறகு ஒன்றை ஒரு செயலி அமெரிக்கக் கண்டத்துப் பருந்தினுடையது என்று உறுதியான குரலில் சொன்னது. குழந்தை அதை நம்பித் தன் குறிப்பேட்டில் எழுதியும் விட்டாள். அதை அழித்து எழுத வைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

இணைய இறகுத் தொகுப்புகள் இதைவிட நம்பகமானவை. ஏனெனில் அவற்றில் ஒரு பறவையின் சிறகிறகுகளும் வாலிறகுகளும் வரிசையாக அடுக்கி, அளவுகோலுடன் படமாக்கப்பட்டிருக்கும். அமெரிக்க அரசின் மீன், வனவிலங்குத் துறைத் தடயவியல் ஆய்வகம் நடத்தும் இறகு அட்லஸ் பெரும்பாலும் வட அமெரிக்கப் பறவைகளைக் கொண்டது. நம் ஊர்ச் செம்போத்தை அதில் தேடிப் பயனில்லை. ஃபெதர்பேஸ் என்னும் தொகுப்பில் உலகின் பல பகுதிப் பறவைகள் உள்ளன. நம் நாட்டுப் பறவைகளுக்கென்றே 2021ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்திய இறகு நூலகம் நமக்கு மிக நெருக்கமானது. இருந்தாலும் இத்தொகுப்புகள் அகராதியைப் போன்றவை: சொல்லின் முதலெழுத்துத் தெரியாதவர் அகராதியைப் புரட்டுவது எப்படியோ, இன்ன வகைப் பறவை என்ற ஊகம் இல்லாதவர் இவற்றுக்குள் நுழைவதும் அப்படித்தான்.

ஆய்வக வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் விமானம் ஒன்று விழுந்து 62 பேர் இறந்தபோது, அதன் எஞ்சினுக்குள் சிக்கியிருந்த இறகுத் துணுக்குகளை ஆராய்ந்து அவை மைனாவின் உறவினமான ஸ்டார்லிங் பறவையுடையவை என்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ராக்ஸி லேபோர்ன் கண்டறிந்தார். இறகின் அடியில் உள்ள மென்தூவியை நுண்ணோக்கியில் பார்த்தால், அதன் இழைகளில் உள்ள முடிச்சுகளின் வடிவம் பறவைக் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும் என்பதே அந்தக் கலையின் அடிப்படை. இன்று மரபணுச் சோதனையும் உண்டு. ஹைதராபாதின் லேகோன்ஸ் ஆய்வகம் வனவிலங்குக் குற்ற வழக்குகளில் அதைச் செய்து தருகிறது. முற்றத்தில் கிடந்த ஓர் இறகுக்கு இவை தேவையில்லை.

ஊராரிடம் கேட்பதை நான் உயர்வாகவே மதிக்கிறேன். ஆடு மேய்ப்பவர்களும், கண்மாய்க் கரையில் வயல் உள்ளவர்களும், பனையேறிப் பழகிய முதியவர்களும் இறகைக் கையில் வாங்கிய மறுகணம் பெயர் சொல்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நமக்குக் கிடைக்கும் பெரிய செல்வம் பறவையின் பெயரைவிட, அது எந்த மரத்தில் அடைகிறது, எந்த மாதத்தில் வருகிறது என்ற செய்திதான். இதில் ஒரு குறையும் உண்டு. பேச்சு வழக்கில் பருந்து என்ற ஒரே சொல் கரும்பருந்துக்கும் செம்பருந்துக்கும் வல்லூறுக்கும் பொதுவாக வழங்குகிறது. வெள்ளையாக நீர்க்கரையில் நிற்பதெல்லாம் கொக்கு. பெரிதாக இருந்தால் நாரை. ஆகவே அவர்கள் சொல்லும் பெயர் பெரும்பாலும் ஒரு கூட்டத்தின் பெயராக இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் எது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

இனி, இறகையே ஆராயும் வழி. இதற்கு வேண்டியது ஓர் அளவுகோல், ஒரு வெள்ளைத்தாள், நல்ல பகல் வெளிச்சம், அவ்வளவே. முதலில் பார்க்க வேண்டியது நிறம் அன்று. அந்த இறகு பறவையின் உடலில் எங்கே இருந்தது என்பதுதான். நடுத்தண்டின் ஒருபக்கப் பரப்பு மிகக் குறுகியும் மறுபக்கம் அகன்றும் இருந்தால் அது சிறகின் வெளிமுனையில் இருந்த பறப்பிறகு. குறுகிய பக்கம்தான் காற்றைக் கிழித்துச் செல்லும் முன்விளிம்பு. இருபக்கமும் ஓரளவு ஒத்து, தண்டு சற்று வளைந்து, நுனி மழுங்கி இருந்தால் அது சிறகின் உட்பகுதியைச் சேர்ந்தது. தண்டு நேராக நின்று இருபக்கமும் சமமாக இருந்தால் வாலின் நடு இறகு. நேராக இருந்தும் ஒருபக்கம் மட்டும் குறுகியிருந்தால் வாலின் ஓரத்து இறகு. அடிப்பாதி பஞ்சு போன்ற தூவியாக இருந்தால் உடலைப் போர்த்தியிருந்த இறகு. இந்த ஒரு படியைத் தாண்டாமல் நீளத்தை அளந்து பயனில்லை, ஏனெனில் ஒரே பறவையின் சிறகுக்குள்ளேயே இறகுகளின் நீளம் பெரிதும் மாறுபடும்.

அடுத்து வெளிச்சச் சோதனை. நீல இறகு கிடைத்தால் அதைச் சூரியனுக்கு எதிராகப் பிடித்து, ஒளி இறகின் ஊடே வரும்படி பாருங்கள். நீலம் மறைந்து மங்கிய பழுப்பு தெரியும். பறவைகளின் நீலம் நிறமியால் வருவதன்று, இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. சாயம் தோய்த்த கடை இறகு என்றால் எதிர்வெளிச்சத்திலும் நீலமாகவே இருக்கும்; திருவிழாக் கடைகளில் விற்கும் அலங்கார இறகுகள் தெருவில் கிடக்கும்போது இச்சோதனை உதவும். உண்மையான நீலம் என்று தெரிந்தால் நம் பக்கத்தில் முதலில் எண்ண வேண்டியவை பனங்காடையும் வெண்மார்பு மீன்கொத்தியும். பனங்காடையின் சிறகிறகில் கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக மாறி மாறி வரும். மீன்கொத்தியின் இறகு அதைவிடத் தெளிவாகச் சிறியது. பறப்பிறகாக இருந்தால் அடிப்பகுதியில் வெண்மையும் நுனியில் கருமையும் தெரியும். மின்கம்பியில் பனங்காடை உட்காரும் வயலோரமா, மீன்கொத்தி காத்திருக்கும் ஊருணிப் படிக்கட்டா என்று கிடந்த இடத்தையும் சேர்த்துக்கொண்டால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இருந்தாலும் வெண்மார்பு மீன்கொத்தி நீர்நிலையை விட்டு வெகுதூரம் தோட்டங்களுக்குள்ளும் வாழும் என்பதால், இடத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

செயலி தவறாகச் சொன்ன அந்தச் செம்பழுப்பு இறகுக்கு வருகிறேன். ஒப்பீட்டின் பயன் அதில்தான் எனக்கு நன்றாக விளங்கியது. செட்டிநாட்டில் அந்த நிறத்துக்கு உரிமை கொண்டாடும் பறவைகள் முக்கியமாக மூன்று. முதலாவது செம்போத்து, செண்பகம் என்றும் சொல்வோம். வேலியிலும் புதரிலும் தத்தித் திரியும் அதன் உடல் கருமை, சிறகுகள் முழுச் செம்பழுப்பு. இரண்டாவது செம்பருந்து, கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அது. அதன் வெளிச்சிறகிறகுகள் செம்பழுப்பாக இருந்தாலும் நுனிகள் கருமையாக முடியும். மூன்றாவது பலருக்கும் தோன்றாதது: ஆண் மயில். மயில் என்றால் நீலமும் பச்சையும் என்று மனம் பழகிவிட்டதால், அது பறக்க எழும்போது விரியும் வெளிச்சிறகு இலவங்கப்பட்டை நிறம் என்பதை நாம் கவனிப்பதில்லை. பெண் மயிலின் அதே இறகுகள் வெறும் பழுப்பு.

மூன்றையும் பிரிப்பது நிறம் மட்டும் அன்று, அளவும் வடிவமும்தான். எங்கள் கையில் இருந்தது ஒருபக்கம் குறுகிய பறப்பிறகு. ஒரு சாணுக்கும் குறைவு. நுனியில் பருந்துக்குரிய கருமை இல்லை. பரப்பு அகன்று தளர்வாக இருந்தது. நெடுந்தூரம் பறக்காத, உருண்ட சிறகுள்ள பறவைக்கே அத்தகைய இறகு பொருந்தும். மயிலின் வெளிச்சிறகிறகு ஒரு சாணைத் தாண்டி நீளும். அதன் தண்டு ஓர் எழுதுகோல் செய்யும் அளவுக்குத் தடித்தது. எனவே செம்போத்து. பின்பு இந்திய இறகுப் படங்களோடு ஒப்பிட்டபோது அது உறுதியானது. அந்த இறகைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு ஆச்சியும் “செண்பகம் வலம் போனா நல்லது” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மூன்று வழிகள் ஒன்றுக்கொன்று சான்றளித்தன. செயலி மட்டும் தனியே நின்றது.

மயிலைப் பற்றி இன்னொன்று. கண் வரைந்த நீண்ட பீலியை வாலிறகு என்று எழுதுகிறோம். உண்மையில் அது வாலை மேலிருந்து மூடும் போர்வை இறகுகளின் நீட்சி. மயிலின் வால் அதற்கு அடியில் குட்டையாக, அழகின்றி, பீலியைத் தாங்கும் முட்டுக்கட்டையாக நிற்கிறது. பழுப்பு நிறமான அந்த உண்மை வாலிறகு வயலில் கிடைத்தால் யாரும் மயிலை நினைப்பதில்லை.

கருப்பு இறகு எளிது என்று எண்ணுவோம். அதுதான் மிகக் கடினம். காகம், அண்டங்காக்கை, ஆண் குயில், கரிச்சான், செம்போத்தின் வால், நீர்க்காகம் என்று உரிமையாளர் பலர். வாலின் ஓரத்து இறகு நுனியில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தால் கரிச்சான். நீண்டு அகன்று பச்சைப் பளபளப்புடன் இருந்தால் செம்போத்தின் வாலா, குயிலா என்று பார்க்க வேண்டும். கண்மாயில் கிடைத்த விறைப்பான குட்டை வாலிறகு நீர்க்காகத்தினுடையதாக இருக்கலாம். காகத்தின் வெளிச்சிறகிறகில் நடுவுக்கு மேல் பரப்பு திடீரெனக் குறுகும் ஒரு வெட்டு இருக்கும். சிறகை விரிக்கும்போது விரல்கள் போல நுனிகள் பிரிந்து தெரிவது அதனால்தான். ஊர்க்காகத்தையும் அண்டங்காக்கையையும் ஒரே ஓர் இறகை வைத்துப் பிரிக்க நான் முயல்வதில்லை.

இங்கேதான் கிடந்த இடத்தின் வலிமை தெரியும். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் வட்டத்தில், கொள்ளுக்குடிப்பட்டியை ஒட்டி, 1977ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பறவைகள் அஞ்சி ஓடிவிடும் என்று சுற்றுவட்டத்து மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை என்பதை நாடே அறியும். வடகிழக்குப் பருவமழை நிறைத்த அந்தக் கண்மாய்களின் கரையில், காகத்தினுடையதைவிட மிக நீளமான கருப்பு இறகு கிடந்தால் முதலில் எண்ண வேண்டியது நாரைகளை. மஞ்சள்மூக்கு நாரைக்கும் நத்தைகுத்தி நாரைக்கும் உடல் வெண்மை மிகுந்ததாக இருந்தாலும் பறப்பிறகுகள் கருமை. அதே கருப்பு இறகைக் காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் கண்டால் இந்த எண்ணம் வராது, வரவும் கூடாது. எந்தக் கைப்பேசிச் செயலிக்கும் முன்பாக, எந்தக் கரை, எந்த மாதம் என்று குறித்து வைக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

பட்டை போட்ட இறகுகளில் இன்னொரு பொறி உண்டு. கரும்பழுப்பில் வெண்பட்டைகள் நெருக்கமாக ஓடும் வாலிறகைக் கண்டவுடன் வல்லூறு என்று சொல்லிவிடுவோம். பெண் குயிலின் வால் அப்படித்தான் இருக்கும். வல்லூறின் வாலில் சாம்பல் நிறத்தின் மேல் கரும்பட்டைகள் சிலவே, அகன்ற இடைவெளியில் வரும். இவற்றுக்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தத் தெருவில் யார் வீட்டில் வான்கோழி, கினிக்கோழி வளர்க்கிறார்கள்? வான்கோழியின் சிறகிறகில் கருப்பும் வெள்ளையும் பட்டையாக ஓடும். கினிக்கோழியின் இறகில் வெண்புள்ளிகள் கோலம் போட்டாற்போல் நிறைந்திருக்கும். காட்டுப் பறவையைத் தேடி இணையம் முழுவதும் அலைந்துவிட்டுக் கடைசியில் பக்கத்துத் தெருக் கோழிக்கூண்டுக்கு வந்து சேருவது நடப்பதுதான்.

வெள்ளை இறகுக்கு நான் விடை சொல்வதில்லை, கொக்கு வகை என்றுதான் எழுதச் சொல்கிறேன். உண்ணிக்கொக்கு, சின்ன வெண்கொக்கு ஆகியவற்றோடு, நிற்கும்போது மண்ணிறமாக இருந்து பறக்கும்போது வெளுக்கும் மடையானின் சிறகும் வெண்மையே. இவற்றை ஒற்றை இறகில் பிரித்துச் சொல்பவரைவிட, கூட்டத்தின் பெயரோடு நிறுத்துபவரையே நான் நம்புவேன்.

ஆக, என் பரிந்துரை வரிசை இது. இறகைத் தொடுமுன் கிடந்த இடம், நாள், மேலே உள்ள மரம் அல்லது உத்தரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அருகே செத்த பறவைகள் கிடந்தால் தொடவே வேண்டாம். மற்ற நேரத்திலும் பார்த்து முடித்ததும் கையைச் சோப்பால் கழுவுங்கள். உடலில் எந்த இடத்து இறகு என்று தீர்மானித்து, அளந்து, வெள்ளைத்தாளில் வைத்து இருபுறமும் படமெடுங்கள். பிறகு ஊராரிடம் காட்டி ஒரு கூட்டத்தின் பெயரைப் பெறுங்கள். அந்தப் பெயரோடு இறகுத் தொகுப்புக்குள் நுழையுங்கள். செயலியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நேரமே இல்லாதவர் ஒன்றை மட்டும் செய்வதானால் கிடந்த இடத்தில் மறுநாளும் போய் நிற்கட்டும். பறவைகள் இறகு மாற்றும்போது இரு சிறகிலும் ஒரே வரிசை இறகுகள் பெரும்பாலும் சில நாள் இடைவெளியில் உதிரும்; இணை இறகும் கிடைக்கும், பறவையே தரிசனம் தரவும் கூடும். ஆனால் ஒரே இடத்தில் இறகுகள் குவிந்து, தண்டுகள் கடித்து முறிக்கப்பட்டிருந்தால் அது இறகு மாற்றமன்று; பூனையோ கீரியோ வேட்டையாடியிருக்கிறது. வல்லூறு போன்றவை கொன்றிருந்தால் தண்டுகள் முறியாமல் முழுதாகப் பிடுங்கப்பட்டிருக்கும்.

சேர்த்து வைக்கலாமா என்ற கேள்வியும் இந்த முடிவைச் சார்ந்ததே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வனவிலங்கின் உடற்பகுதிகளை வரையறுக்கும்போது இறகையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. மயிற்பீலிக்கு உள்நாட்டில் விலக்கு உண்டு, ஏற்றுமதிக்கு இல்லை. முன்பு தீங்குயிர்ப் பட்டியலில், அதாவது வேட்டையாடத் தடையில்லாத உயிர்களின் பட்டியலில், இருந்த காகத்துக்கும், 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டதால், பழைய நிலை இன்று இல்லை. ஆகவே பேத்தியின் சேகரிப்பை நாங்கள் படச் சேகரிப்பாக மாற்றிவிட்டோம்: அளவுகோலோடு படம், இடம், நாள், பிறகு இறகு மீண்டும் கிடந்த இடத்துக்கே. குறிப்பேடு முன்பைவிடத் தடித்திருக்கிறது.

இந்தப் பொங்கலுக்கு இரண்டாம் கட்டில் கிடைத்த இறகைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பொன்பழுப்பு நிறத்தில் மங்கிய பட்டைகள், அடிப்புறம் ஏறத்தாழ வெள்ளை, மேற்பரப்பு வெல்வெட்டுத் துணி போல மெத்தென்றிருந்தது. ஒருபக்கப் பரப்பு குறுகிய பறப்பிறகு. அந்தக் குறுகிய விளிம்பில் சீப்பின் பற்கள் போல நுண்ணிய இழைகள் வரிசையாக நின்றன. காற்றின் ஓசையை உடைத்துச் சந்தடியின்றிப் பறப்பதற்காக ஆந்தையினம் சிறகின் வெளியோர இறகில் வைத்திருக்கும் அமைப்பு அது. கைப்பேசியை எடுக்காமலேயே கூகை என்று பேத்தி எழுதினாள். அண்ணாந்து பார்த்தபோது, பர்மாத் தேக்கு உத்தரத்துக்கு மேல், உடைந்த சன்னல் வழியே வெள்ளை எச்சம் சுவரில் வழிந்திருந்தது. அதன் அடியில் எலி எலும்புகள் கலந்த கருஞ்சாம்பல் உருண்டைகள் கிடந்தன. சாக்குருவி வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்று பெரியவர்கள் சிலர் வருந்தினார்கள். எலிகளை அது தின்று தீர்ப்பதை எடுத்துச் சொன்னேன். இந்த ஆண்டு அந்த அறையை மட்டும் வெள்ளையடிக்காமல், சன்னலையும் அடைக்காமல் விட்டுவிட்டு வீட்டைப் பூட்டினோம்.